ஆரினின் விலாச் சுடர்

பூமிக்கடியில் பாறையைப் பிளந்த அன்று, மேலே ஆரின் ஸ்ட்ரவுடின் கணுக்கால் பிளந்தது. அப்போது அவன் பம்பு லாரிகளுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பைன்டேல் ஊரில் முட்டையும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் விரிசல் முழுக்க மணல் தெரிந்தது.

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் மேல்நிலம் ஒருவருக்கும் அடிப்பாறை இன்னொருவருக்கும் என்று பிரிப்பது சகஜம். ஸ்ட்ரவுட் கிழவர் மகள் வெர்னாவுக்குப் புல்லைக் கொடுத்தார், மகன் ஆரினுக்குப் பாறையை. இருவரும் அடித்துக்கொள்ளக் கூடாதாம். மனுஷனுக்கு அவ்வளவுதான் விவரம். பாறைக்குள் வாயு இருந்தது. மணல்துகள்களின் இடுக்குகளில் கோடிக்கணக்கான வருஷங்களாக அடைந்து கிடந்தது. ஓர் இடுக்கிலிருந்து அடுத்ததுக்கு வழி கிடையாது. வெறுமனே கிணறு என்று ஒரு துளை போட்டால் வராது. தண்ணீரையும் மணலையும் அசுர வேகத்தில் இறக்கிப் பாறையைப் பிளக்க வேண்டும். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். ஆரின் கம்பெனிக்காரர்களைக் கூட்டிவந்தான். வெர்னாவின் மாடுகள் மேய்ந்த புல்லை லாரிகள் அரைத்துத் தள்ளின. அவள் தம்பியின் முன்பல்லை உடைத்தாள். அவன் அவளுடைய வைக்கோல் கொட்டகையைக் கொளுத்தினான்.

பாறையைக் கீழிருந்து மேலாகத்தான் பிளப்பார்கள். ஆரினுக்கும் அப்படியே முழங்கால், இடுப்பு, விலா என்று ஏறியது. மணல் தாங்கியதால் நடமாட முடிந்தது. ஆனால் விலாவிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. சிகரெட் பற்றவைத்தபோது அதுவும் பற்றிக்கொண்டு நீலமாக எரிந்தது. சட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டான். கடைசிப் பிளவு மண்டைக்குத்தான் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

"நிறுத்தச் சொல்லுடா," என்றாள் வெர்னா.

"சொல்லிப் பாத்துட்டேன்க்கா. இனிமே என் கையில இல்லங்கறானுங்க."

"மண்டை போயிடும்டா."

"உனக்கு அதானே வேணும்."

"போனா என் கையால போகணும். கண்டவன் பம்புல இல்ல."

மறுநாள் காலை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், அழுத்தம் ஏறிக்கொண்டிருந்த குழாயைச் சுட்டாள். குழாய் வெடித்துச் சுழன்றது. மேஸ்திரியின் தாடை உடைந்தது, இன்னொருவனுக்கு முழங்கைக்குக் கீழே போய்விட்டது, லாரி எரிந்தது. கம்பெனி கிணற்றை மூடியது, ஷெரிஃப் வெர்னாவை உள்ளே தள்ளினார். மண்டை தப்பியது.

அவள் வெளியே வந்தபோது ஆரின் மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். கம்பெனி மூடினாலும் அவன் விலா வழியே வாயு போய்க்கொண்டேதான் இருந்தது; இந்த மாதிரிக் கிணறுகள் முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். சுடர் சிறுக்கச் சிறுக்க அவனுக்கு உடம்பு ஜில்லிட்டது, மூச்சு இழுத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். உலகத்தில் வெர்னாவுக்கென்று சண்டை போட இருந்தது அவன் ஒருவன்தான். வற்றின கிணற்றில் பாறையை மறுபடி பிளப்பார்கள் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வேலிக்கம்பு அடிக்கும் சம்மட்டியை எடுத்துவந்தாள்.

"காலை நீட்டு."

"மெதுவா அடிப்பியாக்கா?"

"மெதுவா அடிச்சா பிளக்காதுடா."

அழுதுகொண்டேதான் அடித்தாள். அலறல் பண்ணை முழுக்கக் கேட்டது. கிழிந்த சதை வழியே ஆற்றுமணலை ஸ்பூனால் போட்டாள். சற்று நேரத்தில் விலாவில் சுடர் ஒரு சாண் எழும்பியது, அவன் கன்னம் சிவந்தது.

இப்போதும் குளிர் தொடங்கும்போது ஆரின் தானாகவே காலை நீட்டுகிறான். வெர்னா அடிக்கிறாள். அதன்பின் அவன் விலாவுக்கு நேரே பாத்திரத்தைப் பிடித்து, இருவருக்கும் காபி போடுகிறாள்.