திரும்பிப் போகாத தகைவிலான்கள்

ரோகிணி காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிட்ட தகைவிலான்களில் ஒன்றுகூட அந்த ஆண்டு உரிய காலத்தில் வடக்கே திரும்பவில்லை. விட்ட மறுநாள் விடியற்காலையில் கோட்டையூர்க் கண்மாயில் விரித்த வலையில், முதலில் சிக்கிய அதே மடிப்பில் வந்து விழுந்து, அவள் எடுத்துவிடும் வரை சமர்த்தாகக் காத்திருந்தன. குளிருக்கு இங்கே வந்து தங்கி, பங்குனியில் இமயமலை தாண்டிப் போகவேண்டிய பறவைகள் அவை. சித்திரை பிறந்தும் அவள் தெருக் கேபிள் வயரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பறவை ஆராய்ச்சி முகாமில் அவள்மீது வேறு குறை சொல்ல முடியாது. பொற்கொல்லர் வீட்டுப் பெண், குறடு பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பறவையின் கழுத்தை இரு விரலுக்கிடையே நோகாமல் பிடிப்பாள், இறக்கையை அளப்பாள், துணிப்பையில் போட்டு எடை பார்ப்பாள். அந்த எடைதான் தினமும் குறைந்துகொண்டே வந்தது. கத்திரி வெயிலில் இவை பிழைக்காது. இப்படியே போனால் தனியாக வளையமிடும் அனுமதியும் அவளுக்குக் கிடைக்காது. பயிற்சி கொடுத்த நாகேந்திரன் வெறுத்துப்போய், ஒருநாள் அவள் பறவையை விடும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார். ரோகிணி உள்ளங்கையை விரித்து, “போயிட்டு வா” என்றாள்.

“தெனமும் இதைச் சொல்லியாம்மா விடுற? போன்னு சொல்லு.”

“என்ன சார் இப்படிச் சொல்றீக? எங்க வீட்டுல அந்தச் சொல்லையே எடுக்க மாட்டோம்.”

பொய்யில்லை. யாராவது வாய்தவறிப் ‘போறேன்’ என்றால் அவள் அம்மா வள்ளிக்கண்ணு திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். நாகேந்திரனே தொண்டை கட்டும்வரை ‘போ, போ’ என்று கத்திப் பார்த்தார். அவர் பேச்சைப் பறவைகள் சட்டை செய்யவில்லை.

வயருக்குக் கீழே முதல் தகைவிலான் செத்துக் கிடந்த காலையில் ரோகிணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பறவைகள்மீது கோபம், தன்மீது அதைவிடக் கோபம். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“போங்க. எல்லாரும் போங்க. இனிமே இங்குட்டு வராதீக.”

சொல்லி முடிப்பதற்குள் வயர் காலியானது.

ஐப்பசியில் தகைவிலான்கள் வந்தன. கோட்டையூருக்கு வடக்கே இரண்டாகப் பிரிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு, கோவிலூரில் மறுபடி ஒன்றுசேர்ந்து தெற்கே போயின. அவள் தொடாத பறவைகளும் அப்படித்தான் போயின. ஆராய்ச்சிக்காரர்கள் அந்த வளைவை வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை.

அனுமதி வாங்கிவிட்ட ரோகிணி இப்போது டவுன் பஸ் பிடித்துக் கோவிலூர் போய் வலை விரிக்கிறாள். விடும்போது வாய் திறப்பதில்லை. விட்ட பறவைகளில் சில அடுத்த ஆண்டு திரும்பி வருகின்றன, சில வருவதில்லை.