வெறுங்குழாயில் கொழுப்பு

மண்ணில் எந்தெந்த நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கின்றன என்று அவற்றின் கொழுப்பைப் பிரித்து, மெஷினில் விட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒவ்வொரு முறையும், சோதனை சுத்தமாக நடந்ததா என்று பார்க்க, ஒரு குழாயை மண் போடாமல் விடுவாள். அதில் எதுவும் வரக்கூடாது. ஒருநாள் துளி கொழுப்பு வந்து தொலைத்தது.

கழுவியது போதவில்லை போலிருக்கிறது என்று அன்றிலிருந்து குழாய்களைத் தேய்தேய் என்று தேய்த்தாள். "பாத்திரம் தேய்க்கவா இவ்ளோ படிச்சே?" என்றான் கணவன். சோப்பில் ஊறி ஊறிக் கை வெடித்தது. அக்கா களிம்பு வாங்கித் தந்தாள். தினமும் அதைத் தடவிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, மறுபடியும் தேய்த்தாள். மூன்று வாரமாகியும் வெறுங்குழாயில் கொழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்று கையுறையை இழுத்து மாட்டியபோதுதான், அதன் வெளிப்புறத்தில் தன் களிம்பு விரல்களின் தடம் பளபளப்பதைப் பார்த்தாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

போன் அடித்தது. அக்காதான்.

"கை எப்படிடி இருக்கு? களிம்பு போடுறியா?"

"போடுறேன்க்கா."

"நல்லா உள்ள எறங்குதா?"

"மெஷின் வரைக்கும் எறங்கியிருக்குக்கா."