ஆற்றைத் தொடாத வடிகால்

என் மச்சான் எனக்குத் தர வேண்டிய கூலி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேலை இடத்தில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அவருக்குக் காண்ட்ராக்டர் தர வேண்டும். காண்ட்ராக்டருக்குக் கூட்டு வாரியம் தர வேண்டும். வாரியத்துக்கு நகராட்சி தர வேண்டும். இந்த வரிசையில் கடைசியில் நிற்பவன் நான். எனக்குப் பின்னால் ஆள் கிடையாது, என் வீட்டுக்குள் வருகிற தண்ணீர்தான் உண்டு.

எங்கள் பக்கம் இரண்டு நகராட்சிகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். மேட்டில் விழுகிற மழை பள்ளத்தைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். மேட்டில் கட்டடம் பெருகப் பெருக, மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. அதனால் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பெரிய வடிகால், செலவில் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்து, பார்த்துக்கொள்ள ஒரு கூட்டு வாரியத்தையும் வைத்தார்கள். மேட்டுக்காரர்கள் தங்கள் பாதியை உடனே கட்டினார்கள். பள்ளத்துக்காரர்கள் "பார்க்கலாம்" என்றார்கள். யார் பணம் வந்திருக்கிறதோ அவர்கள் எல்லைக்குள் மட்டும்தான் தோண்டலாம் என்பது வாரியத்தின் விதி.

வடிகால் வேலையில் கை வைத்தவன் எவனும் கீழ்முனையில்தான் முதல் வெட்டுப் போடுவான். ஆற்றில் வாயைத் திறந்துவிட்டு மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மழை வந்தாலும் தண்ணீர் அதன் வழியில் போய்விடும். முதல் நாளே மச்சான் இதை வாரியத்து இன்ஜினியர் அம்மாவிடம் சொன்னார்.

"இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா மேஸ்திரி?" என்றார் அந்த அம்மா. "நாலு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். பணம் மேல இருந்து வந்திருக்கு. தோண்டுறதும் மேல இருந்துதான்."

"தண்ணிக்கு இந்த விதி தெரியுமா மேடம்?"

"அதுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிடலாம்."

சிரிக்காமல்தான் சொன்னார். எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை.

தோண்டினோம். கம்பி கட்டினோம், பலகை அடித்தோம், கான்கிரீட் போட்டோம். ஆள் நின்றால் தலை தெரியாத ஆழம். எல்லைக் கல் வந்ததும் வேலை நின்றது. மண் மூட்டைகளை அடுக்கி வாயை அடைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளத்து நகராட்சியின் முதல் தெரு, அதில் மூன்றாவது வீடு என்னுடையது.

முதல் மழைக்கே மூட்டைகள் பிய்த்துக்கொண்டு போயின. முன்பு நாலு தெருவில் பிரிந்து, தயங்கித் தயங்கி வந்த தண்ணீர் இப்போது நாங்கள் போட்ட வழவழப்பான கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு நேராக வந்தது. என் கையால் வழி வெட்டி என் வீட்டுக்கே கூட்டி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டில் முழுகியது. மனைவியின் தையல் மெஷினில் மோட்டார் போயிற்று. வடிந்த பிறகு சேற்றை வழிக்க ஒரு நாள், நாற்றம் போக ஒரு வாரம். அடுத்த மழையிலும் இதே கதை.

தரையை உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்தோம். கொத்தனைக் கூப்பிட்டுக் கேட்டதில், என் கூலிப் பாக்கி கைக்கு வந்தால் ஓர் அடி உயர்த்தலாம் என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அந்தப் பாக்கிதான்.

பாக்கியோ நகரவில்லை. தண்ணீர் ஆற்றில் போய் விழுந்தால்தான் வடிகால் வேலை முடிந்ததாகக் கணக்கு, அதுவரை கடைசி பில்லைத் தர முடியாது என்றது வாரியம். எங்கள் எல்லையில் வேலை முடிந்தது, இனி ஒரு காசு கேட்காதே என்றது மேட்டு நகராட்சி. எங்களை மூழ்கடிக்கிற வடிகாலுக்கு நாங்களே பணம் கட்டுவதா என்றது பள்ளத்து நகராட்சி. மூன்று பேர் சொல்வதிலும் ஞாயம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒருவனாவது அயோக்கியனாக இருந்திருந்தால் அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

மச்சான் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் வாசலிலேயே நிற்பார்.

"உள்ள வாங்கண்ணா," என்பாள் என் மனைவி. "இப்ப தண்ணி இல்ல. உங்க வடிகால் இன்னிக்கு லீவு."

"ஏன்மா குத்திக் காட்டுற? நான் என்ன பணத்தை வெச்சுக்கிட்டா இல்லங்கிறேன்?"

"நான் எங்க குத்தினேன்? குத்துறதுக்கு மெஷினே ஓடல."

அடுத்த வருடத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்ய வாரியம் ஒரு கூட்டம் போட்டது. பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு நானும் மனைவியும் போனோம். மச்சான் எங்களுக்கு முன்பே போய்ப் பின்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

நீளமான மண்டபம். சுவரில் பெரிய படம். அதில் எங்கள் வடிகால் நீலக் கோடாக இறங்கி வந்து பாதியில் புள்ளி புள்ளியாக மாறியிருந்தது. புள்ளி தொடங்கும் இடத்தில் என் வீடு இருக்க வேண்டும். இரண்டு சேர்மன்களும் மேடையில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்ஜினியர் அம்மா. பார்ப்பதற்குச் சம்பந்தம் முறிந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தரகர் மாதிரி இருந்தார்.

"தண்ணி மேல இருந்து கீழ போறது எங்க குத்தமா?" என்றார் மேட்டுச் சேர்மன்.

"உங்க தண்ணிய நீங்களே வெச்சுக்குங்க. நாங்க கேட்டோமா?" என்றார் பள்ளத்துச் சேர்மன்.

"பாதிப் பணம் கட்டுறேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"முழு வடிகாலுக்குப் போட்டோம். அரை வடிகாலுக்கு இல்ல."

"நீங்க கட்டினாத்தானே முழுசாகும்?"

"நீங்க முழுசாக்கினாத்தானே கட்டுவோம்?"

இப்படியே தேநீர் வரும்வரை போனது. குடித்துவிட்டு, விட்ட இடத்தில் தொடங்கினார்கள். என் மனைவி எழுந்துவிட்டாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாள்.

"ஐயா, ரெண்டு பேரும் மன்னிக்கணும். அந்தப் புள்ளி வெச்சிருக்கீங்களே, அங்கதான் எங்க வீடு. உங்க சண்டை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் வந்து எங்க வீட்டுல தங்குங்க. கட்டில் ஒண்ணுதான் இருக்கு. மழை வந்தா ரெண்டு பேரும் அதுல ஏறி நின்னு பேசலாம்."

மண்டபம் சிரித்தது. சேர்மன்களும் சிரித்தார்கள். "அம்மாவின் கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றார் ஒரு அலுவலர். அவ்வளவுதான். அவள் உட்கார்ந்தாள். "சிரிக்கிறானுங்க பாருங்க," என்றாள் என்னிடம். "நான் சிரிக்கவா சொன்னேன்?"

பிறகுதான் இன்ஜினியர் அம்மா பேசினார். மேட்டு வேலையின் கடைசி பில்லுக்காக நிறுத்தி வைத்த பணம் வாரியத்திடம் இருக்கிறது. காண்ட்ராக்டர் அதைத் தனக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், அதையே முதல் தவணையாக வைத்து ஆற்றுப் பக்கம் தோண்ட ஆரம்பிக்கலாம். வேலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு பள்ளத்து நகராட்சி தன் பங்கைக் கட்டினால் போதும். இரண்டு சேர்மன்களும் தங்கள் பையிலிருந்து எதுவும் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு தலையாட்டினார்கள். கீழ்ப் பகுதி வேலையும் தனக்கே என்றால் சம்மதம் என்றார் காண்ட்ராக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பக்கத்தில் மச்சான் தட்டவில்லை.

"என்ன மச்சான், நல்ல சேதிதானே?"

"மாப்ள, காண்ட்ராக்டர் விட்டுக்கொடுத்த பணத்துலதான் நம்ம கூலி இருக்கு."

என் கை அப்படியே நின்றது.

விட்டுக்கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வேலை செய்த ஆட்கள் ஒவ்வொருவரும் தனக்குக் கூலிப் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் அந்தப் பணத்தை வாரியம் வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. கூட்டத்தில் முடிவான திட்டம் அச்சுக்குப் போவதற்குள் காகிதம் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

மச்சான் தன் கலவை மெஷினை விற்றார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அது. அந்தப் பணத்தில் மற்ற ஆட்களின் கூலியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கம்பி கட்டுகிறவனுக்குக் கொடுத்தார், பலகைக்காரனுக்குக் கொடுத்தார், இரண்டே நாள் வந்து மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டு போனவனுக்குக்கூடக் கொடுத்தார். கடைசியில் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பையில் ஒன்றும் இல்லை.

"உனக்குத்தான் மாப்ள மிச்சமில்ல."

"எனக்கு மட்டும்தானா?"

"நீ சொந்தம். நீ பொறுத்துப்பேன்னு..."

"சொந்தம்னா கடைசியா? வேலைக்குக் கூப்பிடும்போது முதல்ல கூப்பிட்டீங்களே, அது என்ன கணக்கு? பள்ளத்துல இறங்க நான் முதல், பணம் வாங்க நான் கடைசி. ஊரான் கோவிச்சுக்குவான், சொந்தக்காரன் எங்க போயிடுவான், அதானே?"

கோபம் மச்சான்மேல் இல்லை என்பது பேசும்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் வாரியத்தைக் கட்டிலில் உட்காரவைத்துக் கத்த முடியுமா? கைக்கு எட்டியவர் அவர்தான்.

"போட மாட்டேன்," என்றேன். "என் கூலி அது. மண்ணுக்குள்ள நின்னு சம்பாதிச்ச கூலி. போடலன்னா என்ன ஆகும்?"

"பணம் அப்படியே கிடக்கும். கீழ வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். அடுத்த வருஷமும் இவனுங்க சண்டை போட்டா, அதுக்கு அடுத்த வருஷம்."

"கிடக்கட்டும்."

அதுவரை கதவில் சாய்ந்து நின்றிருந்த மனைவி கேட்டாள்: "அந்தப் பணம் வந்தா தரையை எவ்வளவு உசத்தலாம்னு கொத்தன் சொன்னான்?"

"ஒரு அடி."

"தண்ணி எவ்வளவு வருது?"

நான் சுவரைப் பார்த்தேன். சேற்றுக் கோடு கட்டிலுக்கு மேலே இருந்தது.

"ரெண்டு அடி," என்று அவளே சொன்னாள். "ஒரு அடிக்காக நீங்க பிடிவாதமா உக்காந்தா, மிச்ச ஒரு அடியை என்ன பண்றது? வாளியில மொண்டு சேர்மன் வீட்டுல ஊத்துறதா?"

"உங்க அண்ணனுக்காகப் பேசுற நீ."

"அண்ணனுக்காகப் பேசினா மெஷினை விக்காதேன்னு பேசியிருப்பேன். நான் என் வீட்டுக்காகப் பேசுறேன். எனக்கு மட்டும் எரியலியா? உங்களுக்குக் கூலி போச்சு. எனக்கு மோட்டார் போச்சு. அவருக்குப் பிழைப்பே போச்சு. யாருக்குப் போகலன்னு பாருங்க. மேடையில உக்காந்திருந்த ஒருத்தருக்கும் எதுவும் போகல."

வெளியே, காகிதத்தை வாங்கிப்போக வந்த காண்ட்ராக்டரின் ஆள் வண்டியின் இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தான். இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். மூன்றாவது தடவைக்கு மச்சான் எழுந்துபோய் அவனை ஏதோ திட்டிவிட்டு வந்தார்.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான், நேரம் பிடிக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. வேலை செய்த நாட்களுக்கு உரிய கூலி முழுவதையும் பெற்றுக்கொண்டேன், எனக்கு யாரிடமிருந்தும் எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதியிருந்தது. பாக்கி இல்லை என்பதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்ளலாம். பெற்றுக்கொண்டேன் என்ற சொல்லில்தான் பேனா நகர மறுத்தது.

"விட்டுக்கொடுத்தேன்னு மாத்தி எழுதச் சொல்லக் கூடாதா மச்சான்?"

"கேட்டுப் பார்த்தேன் மாப்ள. அப்படி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"எழுதுறதுலகூட நமக்கு விட்டுக்கொடுக்க மாட்டானுங்களா?"

"ஆத்துல வாய் திறக்கிறப்ப முதல் ஆளா உன்னைத்தான் கூப்பிடுவேன். அந்தக் கூலியாவது..."

"அதை அப்ப பேசலாம். இப்ப எதையும் சொல்லாதீங்க. சொன்னா அதுவும் பாக்கியாயிடும்."

காகிதத்தைத் தையல் மெஷினின் பலகைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மனைவி எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தார்.

"போங்க மச்சான்," என்றேன். "நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."