ஒரு மணி நேரம் முந்திய தீவு

என் கணவர் அஃபீஃபுக்குக் காலையில் ரொட்டி இறங்குவதற்கு முன் உலகச் செய்தி இறங்க வேண்டும். உலகச் செய்தி என்றால் போரோ தேர்தலோ இல்லை. எந்த ஊரிலிருந்து எங்கள் தலைநகர் மாலேக்குப் புது விமானம் விட்டிருக்கிறார்கள், யார் டிக்கெட் விலையைக் குறைத்தார்கள், இந்த வருடம் போலந்துக்காரன் விடுமுறைக்கு எங்கே போகிறான், இவைதான். கைபேசியைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். போலந்து வரைக்கும் தெரிந்த மனிதருக்கு எங்கள் மூன்றாம் அறைக் குழாய் ஒழுகுவது மட்டும் தெரியாது.

"கேட்டியா? ஜோடியா வந்தா டிக்கெட் பாதி விலையாம். இனி நம்ம பக்கம் கூட்டம் அள்ளப்போவுது."

"முதல்ல ஆறு ரூமுக்கு ஒரு ஆளாவது வரட்டும். அப்புறம் அள்ளலாம்."

ஆறும் காலி. ஆனால் இணையத்தில் எங்கள் விருந்தினர் இல்லத்தின் பெயருக்குக் கீழே 'கடைசி அறை! இன்றே முந்துங்கள்! பெரும் தள்ளுபடி!' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. எழுதியது இவர்தான். கேட்டால், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், தொழில் ரகசியம் என்பார்.

அந்த இல்லம் நிற்பது என் உம்மா எனக்குக் கொடுத்த மனையில். அதன் மேல் மாலேக்கார முதலாளி வஹீதுக்கு ஒரு கண். "குத்தகைக்கு என்கிட்ட விட்டுடுங்க. நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போக வேணாம், இங்கயே வேலை பாருங்க" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னான். என் வீட்டைக் கூட்டிப் பெருக்க அவன் எனக்குச் சம்பளம் தருவானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சுற்றுலாப் பருவம் முடியட்டும், அறை நிரம்பாவிட்டால் தருகிறோம் என்று அஃபீஃப் அவனிடம் தவணை வாங்கி அனுப்பினார்.

கடலுக்கு அந்தப் பக்கம் ரிசார்ட். எங்கள் மகள் யும்னா அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பெண்பிள்ளையை ரிசார்ட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் என்னைத் தின்ற பேச்சு கொஞ்சமல்ல. அங்கே கடிகாரம் எங்களுடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சூரியனைக் கொஞ்சம் தாமதமாக அஸ்தமிக்க வைத்து விருந்தாளிக்கு விற்கிற ஏற்பாடு. அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஊரில் கால் வைத்ததும் அந்த மணியைப் படகிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மறந்து யாராவது சொல்லிவிட்டால், "துரைக்கு மணி முந்திடுச்சுடோய்" என்று தெருவே சிரிக்கும். அஃபீஃப் மட்டும் தொழில் பேசும்போது ரிசார்ட் மணியில்தான் பேசுவார். அப்போதுதான் அவர்கள் நம்மை மதிப்பார்களாம்.

போன பெருநாளுக்கு யும்னா வந்திருந்தபோது, மறுநாள் ஒன்பது மணிக்குத் திரும்பிப் போகப் படகு என்றாள். இவர் சும்மா இருக்காமல், "எங்க மணியா, உங்க மணியா?" என்று சீண்டினார். பிள்ளையின் முகம் செத்துப்போனது.

"எங்க, உங்கன்னு என்ன வாப்பா பிரிச்சுப் பேசுறீங்க? ஊர்தான் பேசுது, நீங்களுமா? வீட்ல சொன்னா வீட்டு மணிதான்."

அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் மார்த்தா அந்த ரிசார்ட்டில் வந்து தங்கினாள். போலந்தில் ஒரு பயண நிறுவனத்துக்கு இடம் பார்த்துச் சொல்கிறவள். ரிசார்ட்டில் சில நாள், பிறகு மக்கள் வாழும் தீவில் சில நாள் என்று சேர்த்து விற்கப்போகிறார்களாம். அவளுக்கு எங்கள் இல்லம் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஆறு அறைக்கும் ஆள். வஹீதை வாசலோடு அனுப்பிவிடலாம்.

யும்னா போன் செய்தாள். "வாப்பா, மேடம் சரின்னுட்டாங்க! நாளைக்கு மூணு மணிக்கு எங்க ஜெட்டிக்குப் படகோட வந்துடுங்க. சாயங்காலம் அவங்களுக்குக் கடல் விமானம் இருக்கு. அதுக்குள்ள ஒரு நடை பார்த்துட்டுப் போயிடுவாங்க."

இவர் போனை வைத்ததும் நான் கேட்டேன். "எந்த மணின்னு கேட்டீங்களா?"

"பெத்த மகள் அவ. ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?"

மறுநாள் ஜெட்டியில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டினோம். மேளக்காரர்கள் சலவை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார்கள். நான் மீன் வைத்துப் பஜியா பொரித்து, இளநீர் சீவி, மூன்றாம் அறைக் குழாய்க்கு நானே துணி சுற்றிக் கட்டினேன். அஃபீஃப் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டு மணி மூன்றுக்கு அங்கே நிற்கிறமாதிரி புறப்பட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ரிசார்ட் பக்கமிருந்து கடல் விமானம் ஒன்று எழும்பி எங்கள் தலைக்கு மேல் போனது. யாரோ போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு படகு வருவது தெரிந்ததும் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல அடி. ஜெட்டிப் பலகையே அதிர்ந்தது. படகிலிருந்து இறங்கியது அஃபீஃப் மட்டும்தான்.

"மேடம் ரொம்ப நேரம் வெயில்ல நின்னாங்களாம். காவல்காரன் சொன்னான். நான் போறப்ப முந்தின விமானத்துலயே ஏறிட்டாங்க. கையை ஆட்டினேன்." அவ்வளவுதான் சொன்னார். மேளக்காரர்கள் எழுந்து மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலை நேரத்தில் யும்னாவின் கையில் போன் இருக்கக் கூடாது. முடிந்ததும் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "எப்படி வாப்பா இருந்துச்சு? மேடம் என்ன சொன்னாங்க?"

இவர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை.

"தொழில் பேசினா ரிசார்ட் மணியில பேசணும்னு நீங்கதானே வாப்பா சொல்வீங்க? இது தொழில்தானே? அதான் அந்த மணியில மூணுன்னு சொன்னேன். வீட்டு மணிக்கு ரெண்டு."

"நீ மகளாப் பேசுறேன்னு நினைச்சேம்மா."

நான் போனைப் பிடுங்கினேன். "வீட்டு மணி உனக்கு அவ்வளவு சீக்கிரம் மறந்துபோச்சாடி?" என்றேன். எனக்கு ஆத்திரம். என் உம்மாவின் மனை போகிற ஆத்திரம். அவள் போனை வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு மார்த்தாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. உங்கள் தீவு அழகாக இருக்கலாம், ஆனால் சொன்ன நேரத்துக்கு வராதவர்களை நம்பி என் பயணிகளை அனுப்ப முடியாது. பக்கத்துத் தீவோடு அந்த நிறுவனம் கைகோத்த செய்தி அடுத்த மாதம் கைபேசியில் வந்தது. அதை மட்டும் அஃபீஃப் சத்தமாக வாசிக்கவில்லை. நான்தான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பருவம் முடிந்து வஹீத் குத்தகைக்காரனாக வந்தான். முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தான். ரிசார்ட்டிலிருந்து வரும் விருந்தாளிக்கு அதுதான் பழக்கமாம். பாழாய்ப்போன ஆறு அறையும் இப்போது நிரம்பி வழிகிறது. பள்ளிவாசல் பாங்கு ஒரு மணியில் கேட்கிறது, நான் வேறொரு மணியில் அடுப்பு மூட்டுகிறேன். வஹீத் கொடுத்த சட்டையில் அஃபீஃப் படகு ஓட்டுகிறார். சட்டையில் இல்லத்தின் புதுப் பெயர் இருக்கிறது.

போன வாரம் யும்னா கூப்பிட்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் கூப்பிடுவதே அபூர்வம்.

"பெருநாளைக்கு வரேன் வாப்பா. பத்து மணிக்கு வந்து கூட்டிக்கிறீங்களா?"

இவர் போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மெதுவாகக் கேட்டார்.

"எந்த மணிம்மா?"

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருக்கலாம். வரவேற்பு மேசையில் பேசுகிற அதே குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"எங்க மணி பத்து. உங்க மணி ஒன்பது."

"நன்றி" என்று சொல்லி அவர் போனை வைத்தார். பெற்ற மகளிடம்.