மூன்று மீட்டர் இருபது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை மலையில் பிறக்கவில்லை, மருத்துவமனையில் பிறந்தது. தினமும் ஐயாயிரம் அடி நடந்து, எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார் மருத்துவர். இதில் இரண்டாவது பாதியை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டியவர், "உங்க வயசுல இப்படி ஒரு ஒழுக்கத்தை நான் பார்த்ததே இல்ல" என்று நெகிழ்ந்தார். நாற்பது வருடமாக எழுதியும் எனக்கு இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். ஒரு மனிதரை ஒரு நாள் முழுக்கச் செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்க வைப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். யாராவது ஒருவர் நடந்துதானே ஆகவேண்டும்?

2

தொடக்கங்கள்:

ஆறு பாம்பைப் போல வளைந்து —

(வேண்டாம். நான் படித்த எந்தக் கதையிலும் ஆறு வேறு மாதிரி வளைந்ததில்லை.)

பனி மூடிய அந்த அதிகாலையில் பெயர் தெரியாத ஒரு பறவை —

(பெயர் தெரியாதது பறவைக்கு அல்ல, எனக்கு. விட்டுவிடுவோம்.)

காலை ஐந்தரை மணிக்கு அளவுக்காரர் தன் வலது முழங்காலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அளவுக்காரருக்கு வயது ஐம்பத்தேழு. பள்ளத்தாக்கின் மேல் கோடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு நெருக்கியடித்துக்கொண்டு வரும் இடத்தில், மீட்டர் கோடு போட்ட ஓர் இரும்புப் பலகை நிற்கிறது. மாதம் இரண்டு முறை ஏறிப்போய், தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் உத்தியோகம். ஏற ஐந்து மணி நேரம், இறங்க நான்கு. ஒன்றரை வருடத்துக்கு முன் முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு அவர் வீட்டுச் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏங்க, போன தடவை ஒண்ணு எண்பது போட்டீங்க. இப்ப ரெண்டு நாளா மழை. கொஞ்சம் ஏத்துங்க" என்பார் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"ரெண்டு பத்து?"

"ஒரேயடியாத் தூக்காதீங்க. ஒண்ணு தொண்ணூத்தஞ்சு. அஞ்சுல முடிஞ்சாத்தான் நேர்ல பார்த்த மாதிரி இருக்கும்."

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: இந்த அம்மாள் மட்டும் கதை எழுத வந்திருந்தால், நான் என்றைக்கோ கடையைக் கட்டியிருப்பேன்.)

3

போன வாரம் மாற்றலாகி வந்த பொறியாளர், வந்த கையோடு பலகையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். இளம்பெண். அந்த நெருக்கத்தில் ஒரு நடைபாலம் கட்டப்போகிறார்கள். மேலே நாற்பது வீடுகள் இருக்கின்றன. பாலம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அளவுக்காரரின் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

அளவுக்காரர் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். பதிவேட்டின் வண்டவாளம் தெரிந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்.

"மாசா மாசம் போறவருக்கு மூச்சு வாங்கக் கூடாது" என்றார் மனைவி, முழங்காலுக்குத் துணி சுற்றியபடி. "வாங்கினா, வியூ பார்க்கிற மாதிரி நில்லுங்க."

முதல் ஒரு மணி நேரத்தில் அளவுக்காரர் பதினோரு இடங்களில் வியூ பார்த்தார். அதில் நான்கு இடங்களில் எதிரே வெறும் பாறைச் சுவர்.

"இயற்கைன்னா உங்களுக்கு உயிரு போலண்ணே" என்றார் பொறியாளர்.

"போற மாதிரிதான் இருக்கு மேடம்."

பாதை, பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். வேரைப் பிடித்து ஏறினால் வேர் கையோடு வந்தது. கல்லை மிதித்தால் கல் அவரை விட்டுவிட்டு ஆற்றைப் பார்க்கப் போனது. கீழே எங்கோ தண்ணீரின் இரைச்சல், மேலே நிழலே இல்லாத வெயில். மூன்றாவது வளைவில் பாதையே இல்லை. மலையின் ஒரு பக்கம் சரிந்து வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"போன தடவை வந்தப்போ இது இருந்துச்சாண்ணே?"

"இல்ல மேடம். நேத்துதான் விழுந்திருக்கும்."

"மேல மரம் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கே?"

அளவுக்காரர் மரத்தைப் பார்த்தார். மரமும் அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று நின்றது.

"இந்தப் பக்கம் மண்ணு அப்படி, மேடம்" என்றார். "ஊன்றுகோலைக் குத்தி வெச்சா, உட்கார்ந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள துளிர்த்துடும்."

4

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இதைப் போய் ஒரு பொறியாளர் நம்புவாரா?

முதல் வரைவில் அவரை முட்டாளாக வைத்திருந்தேன். முட்டாள்கள் இவ்வளவு தூரம் நேரில் வந்து பார்க்க மாட்டார்கள், ஆபீஸிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சரி என்று புத்திசாலி ஆக்கினேன். மூன்றாவது வளைவிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்து, கதையை முடித்து, கீழே இறங்கிப் போய்விட்டார். கடைசியில் படித்தவராக ஆக்கினேன். அச்சடித்த கட்டங்களுக்குள் மையால் எழுதிய எதையும் நம்புவார். மரம் பொய் சொல்லலாம், பதிவேடு சொல்லாது. இப்போது சரியாக இருக்கிறது.

5

மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பொறியாளர் ஒரு பாறையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, குதிகால் கொப்புளத்தைக் கவனித்தார். அளவுக்காரர் ஒன்றரை வருடப் பிரிவுக்குப் பிறகு பலகையைப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன் தலைக்கு மேலே பார்வை போனது.

கரையோர மரத்தின் கவட்டையில், பலகை முடிந்து இன்னும் அரைப் பலகை உயரத்தில், காய்ந்த சருகும் சுள்ளியும் ஒரு கட்டாகச் சிக்கியிருந்தன. நடுவே ஒரு பிளாஸ்டிக் செருப்பு. செருப்பு மரம் ஏறாது. வெள்ளம் கொண்டுபோய் வைத்தது.

ஆறு மீட்டர் இருக்கும்.

போன வருடப் பெருமழையின்போது அளவுக்காரர் நாலு மீட்டர் போடலாம் என்றுதான் சொன்னார். "யாருங்க நம்புவாங்க?" என்று மனைவிதான் மூன்று இருபதுக்கு இறக்கினார். வீட்டில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடு ஆற்றுக்குக் கிடையாது.

"உங்க பதிவேட்டைப் பத்தி எங்க ஆபீஸே பேசுதுண்ணே" என்றார் பொறியாளர், கொப்புளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. போன வருஷம் அதிகபட்சம் மூணு இருபது. மேல ஒரு மீட்டர் சேர்த்து, நாலு இருபதுல பாலத்தைப் போட்டுடலாம்." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "நேரில் அளந்தவர்னு இருக்கு பாருங்க, அங்க ஒரு கையெழுத்து."

அளவுக்காரருக்குச் செருப்பு தெரிந்தது. மேல் வீடுகளில் ஒன்றிலிருந்து புகை வருவதும் தெரிந்தது.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

அ. கையெழுத்துப் போடுகிறார். பத்து மாதம் கழித்துக் கைதட்டி அனுப்பி வைக்கிறார்கள். பாலம் வருகிறது. அடுத்த பெருமழையும் வருகிறது. அந்த நேரம் பாலத்தில் யாராவது இருந்தால்தான் கதைக்கு மதிப்பு. பால்கேனோடு ஒருவரை நிறுத்திப் பார்த்தேன். நடுப்பாலத்தில் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தார். அழித்துவிட்டேன்.

ஆ. "மேடம், மேல பாருங்க" என்கிறார். விசாரணை, வேலை நீக்கம். வீட்டில் மனைவி, "நானா போகச் சொன்னேன், நானா —"

(அதற்கு மேல் அந்த அம்மாள் என்னை எழுத விடவில்லை. வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டு, "எத்தனை வீடுங்க மேல?" என்று மட்டும் கேட்டார்.)

இ. சரியான நேரத்தில் காற்றடித்து, செருப்பு பொறியாளர் மடியில் விழுகிறது. யாரும் எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாற்பது வருடம் இப்படித்தான் பிழைத்தேன். ஆனால் அன்று இலைகூட அசையவில்லை.

"என்னண்ணே யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப போடுங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கணும்ல?"

அளவுக்காரர் படிவத்தை வாங்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பேனாவை இன்னும் வாங்கவில்லை. அவர் கையெழுத்துக்குக் கீழே, படிவத்தில் இன்னொரு கோடு இருக்கிறது: உடனிருந்து கண்ட சாட்சி. அது நிரம்பாமல் இந்தப் படிவம் செல்லாது.

பொறியாளர் போட முடியாது. அவர் இன்னும் நிமிரவே இல்லை. என்னைக் கேட்காதீர்கள். எழுதியவன் பார்த்ததாக எந்த அலுவலகமும் ஒத்துக்கொள்ளாது. அந்த மரக் கவட்டையைப் பார்த்தவர்கள் இங்கே இரண்டே பேர்: அளவுக்காரர், அப்புறம் நீங்கள்.

மேடம் வெகுநேரமாகப் பேனாவை நீட்டிக்கொண்டிருக்கிறார். கை வலிக்கும். வாங்குங்கள்.