பச்சையாய் நின்ற பாதி

செடியைப் பிடுங்க இப்போது பலமே தேவைப்படவில்லை. இரண்டு விரலால் தூக்கினாலே தக்காளிச் செடி வேரோடு வந்துவிட்டது. எல்லாம் காய் பிடித்த செடிகள். முந்தாநாள் வரை நிமிர்ந்து நின்றவை வெந்த கீரையாய்த் தொங்கின. அவள் புருஷன் ஒரு தண்டைக் கத்தியால் சீவி, கண்ணாடித் தம்ளரிலிருந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தான். வெட்டின இடத்திலிருந்து பால் நூல்போல் ஒன்று மெல்லக் கீழே இறங்கியது.

"வாடல்தான். தண்டுக்குள்ள கெட்ட கிருமி பூந்துடுச்சு," என்றான்.

அவள் பிடுங்கியதைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பதால் அவளை எல்லோரும் நாற்றுக்காரி என்பார்கள். நிலம் இவர்களுடையது அல்ல. கம்பெனியோடு ஒப்பந்தம் இருப்பவர்களுக்குத்தான் நிலத்துக்காரர் குத்தகைக்கு விடுவார். ஒப்பந்தம் போனால் நிலம் போகும். மூலையில் இருக்கும் தகரக் கொட்டகையும் போகும். சட்டி பானை, துணிமணி, இரண்டு பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் அந்தக் கொட்டகைக்குள்தான். ஏற்கெனவே மூன்று நிலம் மாறியாயிற்று. இதையும் விட்டால் போக வேறு இடமில்லை.

செத்தது மேல்பாதி. நடு வரப்பைத் தாண்டினால் கீழ்ப்பாதி ஒரு குறையும் இல்லாமல் பச்சையாய் நின்றது. மேல்பாதியில் இலைக்கு அடியில் வெள்ளை ஈ மாவு கொட்டினதுபோல் அப்பிக் கிடந்தது. கீழே இலையைத் திருப்பினால் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிகம்.

காரணம் இவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். பண்ணையில், கம்பெனி சொந்த நிலத்துக்குப் போகும் நாற்றுகளை மட்டும் ஒரு கலங்கல் தண்ணீரில் வேர் நனைத்து அனுப்புவார்கள். குத்தகைக்காரர்களுக்கு வெறும் நாற்றுதான். சோதனைக்கூடத்து அக்கா ஒருநாள் அவளிடம் சொன்னாள்: "இது நல்ல கிருமிம்மா. வேர்ல குடியேறிட்டா கெட்டதுக்கு உள்ள இடம் இருக்காது. செடியும் உஷாராயிடும், இலையில பூச்சி வந்து உட்கார்ந்தா தாக்குப்பிடிக்கும். ஆனா நீல மருந்து மட்டும் பக்கத்துல வரக்கூடாது. நல்லது கெட்டது பார்க்காது அது, எல்லாத்தையும் கொன்னுடும்."

நனைத்து முடித்த மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில்தான் கொட்டுவார்கள். அதைக் கொட்டுகிற வேலை அவளுடையது. நடவுக்கு முந்தின நாள் ஒரு வாளியை ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்துவிட்டாள். பாதி நிலத்து நாற்றுக்குத்தான் அது போதுமாயிருந்தது. மறுநாளும் வாளியோடு கிளம்பியவள், வாசலில் காவல்காரர் பைகளைப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டு திரும்பிப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். அந்த வாரம் பத்து நாற்றை முந்தானையில் மறைத்த ஒருத்தியைத் திருடி என்று வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் கம்பெனி மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு பெரிய கேன் கட்டியிருந்தது. சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவரிடம் சண்டை போடக்கூட வழியில்லை.

"வாடல் வந்தா நிலம் முழுக்க நீல மருந்து ஊத்தணும்ணே. ஒப்பந்தத்துலயே இருக்கு. ஊத்தலைன்னா காய் எடுக்க மாட்டாங்க, ஒப்பந்தத்தையும் முடிச்சிடுவாங்க."

"மேல ஊத்திக்கறோம் சார். கீழ நோவே இல்லையே," என்றான் புருஷன்.

"வந்தப்புறம் ஊத்தி என்னண்ணே பிரயோஜனம்? வர்றதுக்கு முன்னாடியே ஊத்தணும்." மேற்பார்வையாளர் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆமா, ஒரே நாத்து, ஒரே தண்ணி. இது மட்டும் எப்படி இப்படி நிக்குது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான். வேலை அவளுடையது, சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவள் பாடு என்று விட்டுவிட்டான்.

"மண்ணு வாகு சார்," என்றாள். பிறகு மனசு கேட்கவில்லை. "பண்ணையில சொல்லுவாங்க சார், அந்த நல்ல கிருமித் தண்ணி பட்ட வேருக்கு நீல மருந்து ஆகாதுன்னு..."

மேற்பார்வையாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது கம்பெனி நிலத்துக்கு மட்டும்தானேம்மா. இங்க எப்படி வந்துச்சு?"

இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம்தான் ஓடும்? சொன்னால் திருடி. பண்ணை வேலை போகும், திருடியின் குடும்பத்துக்கு ஒப்பந்தம் எதற்கு என்று அதையும் எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் இருக்கிற பாதியும் போகும்.

"வரல சார். சும்மா, காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"பயந்துட்டேம்மா. அதெல்லாம் பெரிய தப்பு." அவர் சிரித்தார்.

"பத்து நாள் பொறுத்து ஊத்தறோம் சார். கீழ இருக்கறதுல ஒரு பறிப்பாவது எடுத்துக்கறோம்," என்றான் புருஷன். அவன் குரல் கெஞ்சுவதை அவள் இதற்குமுன் கேட்டதில்லை.

"என் கையில இல்லண்ணே. ஊத்தறதைப் பார்த்து, போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பணும். இல்லைன்னா என்னைக் கேப்பாங்க."

அவர் ஒரு கேனை அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தார். அவன் மேல்பாதிப் பக்கம் திரும்பினான்.

"அங்க வேண்டாம்ணே, செத்தது தெரியும். கீழ இறங்கி செடிக்கு நடுவுல நில்லுங்க. கேன்ல எழுத்து தெரியற மாதிரி பிடிங்க. கொஞ்சம் சிரிங்க."

இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, திறக்காத கேனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புருஷன் நின்றான். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தான்.

பிறகு மருந்தைப் பீப்பாய்த் தண்ணீரில் கலந்தார்கள். செடிக்கு ஒரு குவளை. அவள்தான் ஊற்றினாள், வேர் நனைக்கப் பழகின கை. முதல் செடிக்கு அரைக் குவளையோடு நிறுத்தினாள்.

"முழுசா ஊத்துங்கம்மா, வேர் வரைக்கும் போகணும்," என்று வரப்பிலிருந்து குரல் வந்தது.

முழுசாக ஊற்றினாள். மண் நீலமாகி, உறிஞ்சிக்கொண்டு, கறுத்தது. அடுத்த செடிக்குக் குனிந்தாள். கண்ணீரைத் துடைக்கவும் வழியில்லை, கையெல்லாம் மருந்து. வரிசை முடிந்து நிமிர்ந்தபோது மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து செல்போனைக் காட்டினார். படம் முழுக்கப் பச்சை. நடுவில் புருஷன், நெஞ்சில் கேன்.

"எவ்வளவு செழிப்பா இருக்கு பாருங்க," என்றார். "இதையே விளம்பரத்துக்குப் போடச் சொல்றேன். மருந்து ஊத்தின நிலம்னு."

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு அவள் பீப்பாயில் குவளையை முக்கினாள்.