நான்கு காய்ச்சல்கள்

அப்பாவின் விறைத்த இடது கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது, பைக்குள் காகிதம் நொறுங்கும் சத்தம் கேட்டது. பயார்தோ விரலை விட்டு எடுத்தான். ஆய்வுக்கூடத்துச் சீட்டு, பதினைந்து நாள் பழையது. பின்பக்கம் அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: "பயார்தோ?"

"என்னடா அது?" அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்த சொக்கோரோ அத்தை கேட்டாள்.

"பழைய பஸ் டிக்கெட்."

அத்தை நம்பவில்லை. வாரிக்கொண்டே அவன் காதைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்துவரும் காது. "எங்க வீட்டு ஆம்பளைங்க யாருக்கும் இப்படி ஒட்டுன காது கிடையாது" என்பாள், அம்மா உயிரோடிருந்தபோதே, அம்மாவுக்குக் கேட்கும்படி. போர்முனையிலிருந்து அப்பா திரும்பிய ஏழாம் மாதம் பயார்தோ பிறந்தான். அப்பா மட்டும் மாதங்களை எண்ணியதாகத் தெரியவில்லை. இந்தப் பதினைந்து நாள் முன்புவரை.

மனாகுவா நகரின் அந்தப் பகுதியில் வருடம் தவறாமல் டெங்கு ஆய்வுக்காரர்கள் வீடுவீடாக வந்து ரத்தம் எடுப்பார்கள். அப்பாவுக்கு நான்கு வகை டெங்குவும் வந்து போயிருந்தது. அப்படிப்பட்டவர் ஆயிரத்தில் ஒருவர் என்று அவருடைய ரத்தத்தின் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். பயார்தோவின் ரத்தமும் அதே ஐஸ்பெட்டியில்தான் போனது. குழாய்களில் வீட்டு எண் ஒன்றே. கடைசி இலக்கம் மட்டும் வேறு.

இதயம் கெட்டிருந்த அப்பா, சீட்டிலிருந்த தேதியன்று, யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்திருக்கிறார். அன்றிரவு சாப்பிடும்போது மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

மதியம் மழை பிடித்துக்கொண்டது. துக்கத்துக்கு வந்து முற்றத்தில் சீட்டாடியவர்கள் காபிக் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார்கள். அப்பா இருந்திருந்தால் மழை விட்டதும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்திருப்பார். தேங்கிய தண்ணீரைக் கண்டால் பக்கத்து வீட்டில்கூட விடமாட்டார்.

நனைந்தபடி டெங்கு ஆய்வுக்கூடத்து டாக்டர் சியோமாரா வந்தாள். தோளில் ஐஸ்பெட்டி.

"செத்தவன்கிட்டயும் எடுக்க வந்துட்டா பாரு" என்றாள் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி.

"இல்லம்மா. நாலு தெரு தள்ளி வேலையா இருந்தேன். கேள்விப்பட்டதும் அப்படியே வந்துட்டேன்."

அவள் சவப்பெட்டியருகே சற்று நின்றாள். பயார்தோ அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சீட்டை நீட்டினான்.

"எங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒத்துப் பாக்கச் சொன்னாரா?"

"ஒத்துப் பாக்கவா? எதுக்கு?"

அவள் முகத்தையே கவனித்தான். மறைக்கிறாளா?

"உங்களுக்கு ரெண்டு தடவ காய்ச்சல் வந்திருக்குல்ல, இன்னொண்ணு வந்தா தாங்குவானான்னு அவருக்குப் பயம். தன் உடம்புல சேர்ந்த தடுப்பு பையனுக்கும் போயிருக்குமான்னு கேட்டாரு. கேக்க மறந்துடக் கூடாதுன்னு, காத்திருக்கும்போதே சீட்டுக்குப் பின்னாடி உங்க பேர எழுதி வச்சிருந்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போகாதுன்னேன். காய்ச்சல எதிர்க்குற அணுக்கள் ஒவ்வொண்ணும் டிஎன்ஏவ வெட்டி ஒட்டித் தானா எழுதிக்குது. காய்ச்சல் வர வர இன்னும் திருத்திக்குது. எங்க மிஷின் வாசிக்கிறது அதைத்தான். இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட ஒரே மாதிரி இருக்காது."

"அதுக்கு அவரு?"

"பெத்த பிள்ளைக்கும் கிடையாதான்னு திரும்பக் கேட்டாரு. கிடையாதுன்னேன். வருத்தப்படுவாருன்னு நெனச்சேன், சிரிச்சாரு. 'அப்போ எம் பையனுக்கு ஒண்ணும் குறையல'ன்னாரு."

வெளியே யாரோ சர்க்கரை கேட்டார்கள். பயார்தோ டப்பாவை எடுத்துக் கொடுத்தான்.

"என்னடா சொன்னா அவ?" அத்தை வாசலில் நின்றாள்.

"காய்ச்சலப் பத்தி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அத்தை."

சவப்பெட்டி மூடியைப் போடுவதற்கு முன் சீட்டை அப்பாவின் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினான். மழை விட்டிருந்தது. முற்றத்துக்கு இறங்கி, நிரம்பியிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். சுவரோரம் அப்பாவின் சவரக் குவளை இருந்தது. அதிலிருந்த தண்ணீரையும் கொட்டினான். அதை மட்டும் கவிழ்த்து வைக்காமல் கையில் வைத்திருந்தான்.